தடை பூஜ்யம், பேனர் பத்தடி

போன வருஷம் ஆடி மாசம். வல்லக்கோட்டை முருகன் கோயில் கிருத்திகைக்காக ஒரகடம் ரோட்டின் ரெண்டு பக்கமும் பேனர் கட்டியிருந்த நேரம். கும்பிட்ட கையோடு பக்தர்களை வருக வருக என்று அழைக்கிற முகங்களை வேடிக்கை பார்த்தபடி, ஒரு திங்கட்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோயிலுக்குத் திரும்புகிற முனையில், டீக்கடையை ஒட்டி, பத்தடி உயரத்துக்கு ஒருத்தர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். யார்றா இந்தக் கோமாளி, எங்கேயோ பார்த்த முகமா இருக்கே என்று நினைத்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. அது நான்.

பிரேக்கைப் பிடித்த வேகத்தில் பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். அதை விடுங்கள். முதலில், நான் ஏன் பத்தடி உயரத்துக்கு வளர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ரொம்ப வருஷம் ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் லைனில் நின்றவன் நான். அங்கிருந்து இப்போது இருக்கிற லேபுக்கு டெக்னீஷியனாக வந்தேன். லேப் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். தொழிற்பேட்டைக்குள்ளே ஒரு ஷெட், இரவு பகலாக 'டுக் டுக்' என்று சத்தம் போடும் ஒரு குளிர்விக்கிற மெஷின், மொத்தம் நாலு பேர். எங்கள் தலைமை ஒரு மேடம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். நிதானத்தில் என்னைவிட நூறு வயது பெரியவர்.

நாங்கள் தேடுவது என்ன என்று சொல்கிறேன். கரண்ட் சாதாரணக் கம்பியில் போகும்போது முட்டி மோதி, சூடாகி, கொஞ்சம் வீணாகும். அந்த முட்டுக்கட்டைக்குத் தடை என்று பெயர். சில பொருள்களைப் பயங்கரமாகக் குளிரவைத்தால் இந்தத் தடை சுத்தமாகப் பூஜ்யமாகிவிடும். மீக்கடத்தி என்பார்கள், சூப்பர்கண்டக்டர். குளிரவைக்கிற செலவுதான் தொல்லை. அவ்வளவு குளிர்ச்சி தேவைப்படாமல், சும்மா மேஜைமேல் வைத்தாலே தடை இல்லாமல் கரண்ட் ஓடுகிற பொருள் ஒன்று கிடைத்தால் உலகமே மாறிப்போகும். அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்லி, அப்புறம் ஆயுசு முழுக்க நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஆனவர்கள் இந்தத் துறையில் நிறைய. மேடம் அடிக்கடி சொல்வது இது.

இதில் என் வேலை வெகு சின்னது. அரிசி அளவு கருப்புத் துண்டு ஒன்றை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, தலைமுடியைவிட மெல்லிசான நாலு தங்கக் கம்பிகளை வெள்ளிப் பசையால் அதன்மேல் ஒட்ட வேண்டும். வெளிப்பக்கம் இருக்கிற ரெண்டு கம்பி வழியாகக் கரண்ட் போகும். உள்பக்கம் இருக்கிற ரெண்டும் தடை எவ்வளவு என்று அளக்கும். அவ்வளவுதான். பொங்கலுக்கு என் மனைவி போடும் கோலத்தில் புள்ளி வைக்கிற மாதிரி வேலை. ஆனால் என் விரல்கள் பிரேக் டிரம் தூக்கிப் பழகிய விரல்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நான் கம்பி ஒட்டிய ஒரு துண்டைக் குளிரவைத்தோம். ஸ்கிரீனில் கோடு வழக்கம்போல நோஞ்சானாக நகர்ந்துகொண்டிருந்தது. ஐஸ்கட்டி உருவாகிற குளிருக்குக் கொஞ்சம் கீழே, வீட்டு ஃப்ரீஸரே போதும் என்கிற அளவுக்குப் போனதும், கிணற்றில் வாளி விழுந்த மாதிரி நேராகக் கீழே விழுந்தது. பூஜ்யம். சூடாக்கினோம், மேலே வந்தது. மறுபடி குளிரவைத்தோம், அதே இடத்தில் மறுபடி பூஜ்யம். மூன்றாவது தடவையும் அப்படியே.

மேடம் ஒரு நிமிஷம் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, "அந்த நாலு கம்பியையும் பிரிச்சு எடுத்துட்டு, புதுசா ஒட்டிப் பார்த்துடலாம்" என்றார்.

லைனில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் எலும்பில் ஊறியிருக்கும்: ஓடிக்கொண்டிருக்கிற லைனில் கை வைக்கக் கூடாது. அங்கே பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூட மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் நகர முடியும். மனுஷன் நிற்கலாம், லைன் நிற்கக் கூடாது. நல்லா ஓடுகிற ஒன்றை எதற்குப் பிரிக்க வேண்டும்?

"வேணாம் மேடம், ஓடுற லைன் அது. கண்ணு பட்ட மாதிரி ஆயிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டே சொல்லிவிட்டேன்.

மேடம் யோசித்தார். திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வருவதாக இருந்தது. எங்கள் லேப் இன்னும் தொடரலாமா, மூடிவிடலாமா என்று சொல்லப் போகிறவர் அவர்தான். "சரி, சார் முன்னாடியே பிரிக்கலாம். அதுவரைக்கும் வெளியே யாரும் மூச்சு விடக் கூடாது. வீட்லகூட" என்று சொல்லி, 'வீட்லகூட' என்கிறபோது என்னை மட்டும் பார்த்தார். அனுபவசாலி.

நான் மூச்சு விடவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். சாயந்திரம் வீட்டில் மிக்ஸியைப் பார்த்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க, மிக்ஸி இன்னா சொல்லுது?"

சொல்லிவிட்டேன். அவள் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அவள் அகராதியில் 'யாரிடமும்' என்றால் அவள் தம்பியைத் தவிர யாரிடமும் என்று அர்த்தம். இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் இது எனக்குத் தெரியாமல் போனது.

என் மச்சானைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருக்கிற பையனை பர்மனென்ட் ஆக்கிவிட்டால் கூட்டாளிகள் பேனர் வைப்பார்கள். அந்த வழக்கத்தைத் தலைமேல் தூக்கி வளர்த்தவன் அவன். காது குத்தலுக்கு வைப்பான், புது பைக்குக்கு வைப்பான். அவன் குடும்பத்தில் பேனர் பார்க்காத ஒரே ஜீவன் நான்தான் என்பது அவனுக்கு ரொம்ப நாளாக உறுத்தல்.

திங்கட்கிழமைக்கு வருவோம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பேனருக்கு முன்னால் நின்றேன். அவன் கல்யாணத்தில் எடுத்த என் போட்டோ. எனக்குப் பின்னால் ஒரு ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தது. 'அறை வெப்பநிலையிலேயே கரண்டை ஓடவிட்ட எங்கள் மண்ணின் விஞ்ஞானியே!' என்று மஞ்சள் எழுத்து. கீழே செல்போனில் பேசுகிற மாதிரி என் மச்சான். அவனுக்கும் கீழே, ஸ்டாம்ப் சைஸில், எங்கள் மேடம்.

அந்த ஸ்டாம்பைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் போய்விட்டது. பேராசிரியர் ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில் தங்கியிருந்தார். மேடம் காரில் போய் அவரைக் கூட்டிக்கொண்டு இதே ரோட்டில்தான் வரப்போகிறார். உறுதியாகாத ஒன்றை ஊருக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்ட லேபை அவர் எப்படித் தொடரச் சொல்வார்? நாலு பேர் வேலையும், மேடத்தின் பெயரும் அந்தப் பேனர் கட்டிய சவுக்குக் கொம்பில் ஆடிக்கொண்டிருந்தன.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"பாத்துட்டியா மாமா! ராக்கெட் எப்டி கீது?"

"ராக்கெட் எதுக்குடா?"

"சயின்ஸுனு சொன்னேன். பிரிண்டிங் கடைக்காரரு அவரே வெச்சிட்டாரு. சாயந்தரம் கோயிலாண்ட உனக்கு மாலை போடறாங்க, கமிட்டில பேசிட்டேன். நல்ல சட்டையா போட்டுக்கினு வா."

இதற்குமேல் பேசிப் பிரயோஜனமில்லை. நானே அவிழ்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். யாராவது என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதே என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு, கொம்பைக் கட்டிப் பிடித்து ஏறினேன். அறிவாளி என்றால் நான்தான். கட்டுக் கம்பியை வெறும் விரலால் முறுக்கிக்கொண்டிருந்தபோது டீக்கடை அக்கா குரல் கொடுத்தார்.

"யோவ் ஹெல்மெட்டு! இன்னா பண்ணிக்கினு கீற அங்க?"

"ஒண்ணுமில்லக்கா. காத்து பலமா அடிக்குது. இறுக்கிக் கட்டலாம்னு..."

"காத்தா? அடுப்புப் புகையே ஆடாம நிக்குது."

கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்த ரெண்டு இளைஞர்கள் டீ கிளாஸை வைத்துவிட்டு வந்தார்கள். "அக்கா, ஆளு பேனர கிழிக்க வந்துகீறாரு. வேற கோஷ்டி போல" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் என் காலைப் பிடித்துக்கொண்டான். "நம்ம ஊரு விஞ்ஞானி சார் அவரு. அவரு மேல இன்னா காண்டு உனக்கு? கழட்டு, மூஞ்சியப் பாப்போம்."

கழற்றினேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மேலே பார்த்தார்கள். மறுபடி என்னைப் பார்த்தார்கள்.

"அட, மேல கீறவருதான் கீழயும் கீறாரு!" என்றார் அக்கா.

"தன் பேனர தானே கிழிக்கிற ஆளை இப்பதான் அண்ணாத்த பாக்குறேன்" என்று காலைப் பிடித்திருந்தவன், காலை விடாமலே செல்ஃபி எடுத்தான். பிடித்ததுகூட இப்போது மரியாதைக்காம்.

அந்த நேரத்தில்தான் கார் வந்து நின்றது. கொம்பைக் குரங்கு மாதிரி கட்டிக்கொண்டிருந்த நான், மேடம் முன்சீட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். பின்னாலேயே வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர். எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சமிருந்தது: பெங்களூர்க்காரர், தமிழ் படிக்கத் தெரியாது.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, ராக்கெட்டைத் தாண்டி, கடைசியில் 'வாழ்த்துவோர்' என்று போட்டிருந்த என் சித்தப்பா மகன்கள் பெயர் வரைக்கும் சத்தம் போட்டு வாசித்தார். எங்கேயும் தடுமாறவில்லை.

"நான் வாணியம்பாடிக்காரன்யா" என்றார் என்னைப் பார்த்து. பிறகு மேடம் பக்கம் திரும்பி, "ஏம்மா, அறை வெப்பநிலையில கரண்ட் ஓடும்னு எங்க வீட்டு ஃபேன் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டுதானே இருக்கு?"

நான் கொம்பிலிருந்து வழுக்கி இறங்கி, "சார், மேடத்துக்கு இது எதுவும் தெரியாது. நான்தான் வீட்ல சொல்லிட்டேன். வேலையை விட்டு அனுப்பறதா இருந்தா என்னை மட்டும் அனுப்புங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. மேலே இருந்த நான் மட்டும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மேடம் பேனருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, தன் ஸ்டாம்பை உற்றுப் பார்த்தார். "இது ஆயுத பூஜை அன்னிக்கு எடுத்ததுதானே? வாய் நிறைய சுண்டல் வெச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெரியவர் அக்காவிடம் எல்லோருக்கும் டீ சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து பாதி கிளாஸ் முடித்த பிறகு கேட்டார்: "கம்பி ஒட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்." ஓடுகிற லைன் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சரி. பிரிக்கிறதா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. அப்படியே விட்டா, சாயந்தரம் மாலைக்கு ஒரு குறையும் வராது. பிரிச்சா என்ன வரும்னு எனக்கும் தெரியாது."

லேபுக்குப் போனோம். துண்டை வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். மேடம் ஒரு பக்கம், பெரியவர் ஒரு பக்கம். கண்ணை வைத்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துபோனது. அளக்கிற ரெண்டு கம்பிகளும் ஒன்றையொன்று பார்த்து வளைந்திருந்தன. நடுவில் இருந்த இடைவெளியை இடைவெளி என்று சொல்ல மனசாட்சி வேண்டும். குளிரில் எல்லாம் கொஞ்சம் சுருங்கும் இல்லையா? சுருங்கும்போது இந்த ரெண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அளக்கிற ரெண்டு முனையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் எதை அளந்தாலும் பூஜ்யம்தான். சூடாக்கினால் விலகும், குளிரவைத்தால் சேரும். என் கைவேலை அவ்வளவு ஒழுங்கு: மூன்று தடவையும் ஒரே இடத்தில் தப்பாக வந்திருக்கிறது.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தது நான் மட்டும்தான். 'எல்லாம் சரியா இருக்கு சார், எதுக்குப் பிரிக்கணும்' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பத்தடி உயரத்தில் இருக்கிறவனுக்குக் கீழே இறங்கப் பயம் இருக்காதா? மெஷின் மட்டும் 'டுக் டுக்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"மேடம், வந்து பாருங்க" என்று நகர்ந்துகொண்டேன்.

அவர் பார்த்தார். பெரியவர் பார்த்தார். நான் இடுக்கியை எடுத்து நாலு கம்பியையும் பிடுங்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒட்டினேன். இந்தத் தடவை ரெண்டுக்கும் நடுவில் ஒரு லாரி போகிற இடம் விட்டேன். குளிரவைத்தோம். ஐஸ் குளிர் வந்தது. கோடு அந்த இடத்தைத் தாண்டி, கை காட்டியும் நிற்காமல் போகிற கம்பெனி பஸ் மாதிரி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

விழவில்லை. உலகம் மாறவில்லை. எங்கள் வீட்டு மிக்ஸி இன்னும் பழையபடி சூடாகித்தான் ஓடும்.

மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று நாள் அதை முகத்தில் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். நான் மூன்று மணி நேரம்கூட வைத்திருக்கவில்லை.

பெரியவர்தான் முதலில் பேசினார். "சனிக்கிழமை போன் பண்ணி இவங்க என்கிட்ட சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'இன்னும் பிரிச்சுப் பார்க்கலை சார், நம்பாதீங்க.' இப்போ நீங்க, ரோட்ல பேனரைத் தொங்கவிட்டுட்டு, உங்க கையாலேயே பிரிச்சுட்டீங்க. இதைவிட ஒரு லேபுக்கு என்ன வேணும்? நடத்துங்கம்மா."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "ஆனா அடுத்த பேனர்ல என் போட்டோ கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்றார்.

சாயந்திரம் கோயிலுக்குப் போனேன். மச்சான் மாலையோடு நின்றான். விஷயத்தைச் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது.

"அப்ப நீ ஒண்ணுமே கண்டுபுடிக்கலியா மாமா?"

"கண்டுபிடிச்சேன்டா. நான் ஒட்டினது தப்புன்னு கண்டுபிடிச்சேன்."

அவன் கையிலிருந்த மாலையைப் பார்த்தான். "அதுக்குலாம் மாலை போட மாட்டாங்களே" என்றான், நிஜமான வருத்தத்தோடு. மாலை முருகனுக்கே போனது. எனக்குப் போட்டிருந்தால் கழுத்து சுட்டிருக்கும்.

நானும் மச்சானும் பேனரை அவிழ்த்தபோது டீக்கடை அக்கா, "தூக்கிப் போடாதீங்கப்பா, மழை வரப்போவுது" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கடைக் கூரைமேல் விரித்தார். கலர் வெளுத்துப் போகும் என்று படத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டார். அதனால் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்தால் நானும் என் ராக்கெட்டும் தெரிவோம். தினமும் காலையில் அங்கேதான் டீ. "மேல கீறவருக்கும் சேத்து போடவா?" என்று அக்கா இன்றைக்கும் கேட்கிறார். பெங்களூர் சார் வரும்போதெல்லாம் கார் அங்கே நிற்காமல் போனதில்லை.

இப்போதும் சில நாள் ஸ்கிரீனில் கோடு ரொம்ப அழகாக வரும், மேடம்கூட எழுந்து நிற்பார், எனக்கும் உள்ளே ஒரு பேனர் கிடுகிடுவென்று ஏறும். அப்போதெல்லாம் அந்தக் கூரையில் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கிற ஆளை ஒரு தடவை நினைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே இடுக்கியை எடுத்துக் கம்பியைப் பிரிக்கப் போய்விடுகிறேன்.